அக்ரிலிக்கில் ஒரு ஹைட்ரேஞ்சியாக் கொத்து வரைவோம்

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, நுவரெலியா என்று எந்த மலையூருக்குப் போனாலும் இந்தப் பூ கண்ணில் படும். வீட்டு வாசலோரம், பழைய பங்களாக்களின் வேலியோரம், சின்னத் தேங்காய் அளவில் நீலப் பந்துகளாகப் பூத்து நிற்கும். பெயர் தெரியாதவர்கள்கூட "அந்தப் பந்து மாதிரி நீலப் பூ" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதுதான் ஹைட்ரேஞ்சியா.

வரைய ஆசைப்பட்டும் பலர் தள்ளிப்போடுகிற பூ இது. ஒரே கொத்தில் அத்தனை சின்னப் பூக்கள், ஒவ்வொன்றிலும் நான்கு இதழ்கள், எங்கே தொடங்குவது என்று மலைப்பு வந்துவிடுகிறது. என் முதல் படத்தில் நான் ஓர் ஓரத்தில் தொடங்கி ஒவ்வொரு பூவாக வரைந்துகொண்டே போனேன். மூன்று நாள் உழைப்பு. முடிந்த பிறகு பார்த்தால் பூக்கொத்து இல்லை, நீலப் பொட்டு ஒட்டிய தட்டை வட்டம்தான் இருந்தது. காரணம் புரிய நாளாயிற்று. ஒரு கொத்தில் முழுதாக வரைய வேண்டிய பூக்கள் பத்துப் பன்னிரண்டுதான். மற்றதெல்லாம் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டும் உள்ள ஒரு பந்து. பந்து சரியாக வந்துவிட்டால் பூ தானாக வந்து உட்காரும்.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும். அக்ரிலிக்கைத் தொட்டே பார்க்காதவர்களும் இரண்டு மாலை ஒதுக்கினால் படம் முடிந்துவிடும்.

முதலில் பூவைப் பார்ப்போம்

நாம் இதழ் என்று நினைப்பவை உண்மையில் இதழ்கள் அல்ல, புல்லிகள். மொட்டை மூடியிருக்குமே, அந்தப் பகுதிதான் இங்கே அகன்று நிறம் பிடித்து இதழாக நடிக்கிறது. உண்மையான பூ நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு இருக்கும். படம் வரைபவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. புல்லி என்பதால் அது ரோஜா இதழ் போல மடிந்து சுருளாது. தட்டையாக, வட்டத்துக்கும் சாய்சதுரத்துக்கும் இடைப்பட்ட வடிவத்தில், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் லேசாக ஏறி நிற்கும். நான்கு தூரிகை அழுத்தத்தில் ஒரு பூ முடிந்துவிடும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு நேரில் பார்க்க ஹைட்ரேஞ்சியா கிடைக்காது. கவலை வேண்டாம், இட்லிப்பூவைப் பாருங்கள். அதுவும் நான்கு இதழ், அதுவும் உருண்டைக் கொத்து. ஒரு கொத்தைப் பறித்து ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்போது ஐந்து நிமிடம் கவனியுங்கள். நடுவில் நம்மை நோக்கி இருக்கும் பூக்கள் நான்கு இதழோடு முழுதாகத் தெரியும். பக்கவாட்டில் போகப் போக நசுங்கிய மாதிரி ஒடுங்கும். ஓரத்தில் இரண்டு இதழ்தான் தெரியும், சிலவற்றில் ஒன்று. கொத்தின் எல்லைக்கோடும் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் இல்லை, மேடும் பள்ளமுமாக இருக்கும். பூக்களுக்கு நடுவே கருத்த சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? அவற்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்துக்கு உயிர் கொடுப்பவை அவைதான்.

வாங்க வேண்டியவை

10க்கு 12 அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்று போதும். பெரிதாக வாங்கினால் முதல் படம் முடியாமல் சுவரோரம் நின்றுவிடும். கடையில் கிடைக்கும் போர்டில் ஜெஸ்ஸோ, அதாவது வண்ணம் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு, ஏற்கெனவே பூசியிருப்பார்கள். இருந்தாலும் வீட்டில் இன்னொரு கை பூசி, காய்ந்ததும் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் துணியின் நெசவு அடங்கி இதழ்கள் வழுவழுப்பாக விழும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையிலும் வரையலாம். அதற்கு ஜெஸ்ஸோ இரண்டு கை கட்டாயம், இல்லாவிட்டால் பலகை வண்ணத்தை உறிஞ்சிவிடும்.

வண்ணம் ஐந்தே ஐந்து: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் ப்ளூ, கிரிம்சன், லெமன் எல்லோ, பர்ன்ட் அம்பர். ஒயிட்டை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள், மற்ற எதையும்விட அதுதான் முதலில் தீரும். பழகுவதற்கு ஃபெவிக்ரில் 15 மி.லி. பாட்டில்கள் போதும். படத்துக்கு டியூபில் வரும் கெட்டியான அக்ரிலிக் நல்லது, தூரிகை போன தடம் அப்படியே நிற்கும்.

சிவப்பில் மட்டும் கவனம் வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று வெர்மிலியனையோ ஸ்கார்லெட்டையோ எடுத்துவிடாதீர்கள். அவற்றில் ஆரஞ்சுச் சாயல் இருப்பதால் நீலத்தோடு சேர்ந்தால் ஊதா வராது, அழுக்குப் பழுப்புதான் வரும். கிரிம்சன் நீலத்தின் பக்கம் சாய்ந்த சிவப்பு. அல்ட்ராமரைன் சிவப்பின் பக்கம் சாய்ந்த நீலம். இரண்டும் கலந்தால் கத்தரிப்பூ நிறம் தெளிவாக வரும்.

தூரிகைகள் சிந்தெட்டிக்கில்: பின்னணிக்கு 1 அங்குலத் தட்டைத் தூரிகை, இதழ்களுக்கு ஃபில்பர்ட் 8, 4, நடுப்பொட்டுக்கு வட்டத் தூரிகை 2, நரம்புக்கு லைனர் என்னும் மெல்லிய நீள மயிர்த் தூரிகை ஒன்று. ஃபில்பர்ட் என்பது தட்டையாக இருந்து நுனி மட்டும் வளைந்த தூரிகை. அதன் நுனியே இதழின் வடிவம்தான், அழுத்தி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. காசு குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் நல்லதாக வாங்குங்கள்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்து தோலாகிவிடும். இதற்கு வீட்டிலேயே ஈரப் பேலட், அதாவது ஈரம் காயாத வண்ணத் தட்டு, செய்துகொள்ளலாம். மூடி உள்ள பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பா ஒன்றை எடுத்து, அடியில் பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து நனைத்துப் போடுங்கள். அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, வண்ணத்தை அதன் மேல் கலக்குங்கள். காகிதத்தின் வழியே ஈரம் கசிந்து வண்ணத்தைக் காயாமல் வைத்திருக்கும். மெழுகு பூசிய காகிதம் ஈரத்தை விடாது, அதைத் தவிருங்கள். மூடி வைத்தால் மறுநாள் மாலையும் அதே கலவையில் தொடரலாம். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வேண்டாம்.

காகிதத்தில் ஒரு மணி நேரம்

கேன்வாஸைத் தொடுமுன் பழைய நோட்டுத் தாளில் இதழ் போட்டுப் பழகுங்கள். 8ஆம் எண் ஃபில்பர்ட்டின் ஒரு ஓரத்தில் நீலக் கலவையும் மறு ஓரத்தில் வெள்ளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேலட்டில் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு முறை தடவினால் நடுவில் இரண்டும் லேசாகக் கலக்கும். இப்போது இதழின் வெளி ஓரம் வர வேண்டிய இடத்தில் தூரிகையை அழுத்தி, மயிர் விரிந்ததும் மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டே மேலே தூக்குங்கள். அழுத்தம், இழுப்பு, தூக்கல். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் ஒடுங்கியும் ஓர் இதழ் கிடைக்கும். தாளைத் திருப்பித் திருப்பி நான்கு முறை செய்தால் பூ. மணிக்கட்டை முறுக்குவதைவிடத் தாளைத் திருப்புவது எளிது.

ஐம்பது பூவாவது போடுங்கள். கோலம் பழகியவர்களுக்கு இந்தக் கைவாகு சீக்கிரம் வந்துவிடுகிறது. கை தயங்காமல் ஒரே வீச்சில் போக வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். ஐம்பதில் பத்துப் பூவை வேண்டுமென்றே நசுக்கிப் போட்டுப் பாருங்கள், மூன்று இதழ், இரண்டு இதழ் என்று. பந்தின் ஓரத்துக்கு அவைதான் தேவைப்படும்.

பின்னணியும் பந்தும்

பின்னணி இடைப்பட்ட நிறத்தில் இருக்கட்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிச்ச இதழ்கள் காணாமல் போகும், கறுப்பில் நிழல் காணாமல் போகும். ஒயிட்டில் கொஞ்சம் அல்ட்ராமரைன், துளி லெமன் எல்லோ, துளி அம்பர் சேர்த்தால் மழை மேகம் போன்ற சாம்பல் பச்சை வரும். தட்டைத் தூரிகையைக் குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் வடிவத்தில் வேகமாக ஓட்டுங்கள். நிறம் திட்டுத் திட்டாக இருந்தால் நல்லதே. அரை மணி நேரம் காய விடுங்கள்.

இப்போது சாக்பீஸால் வட்டம். 14 செ.மீ. விட்டமுள்ள சின்னத் தட்டைக் கவிழ்த்துச் சுற்றிக் கோடு போடலாம். நட்டநடுவில் வேண்டாம், கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் கீழே. அதன் பின்னால் பாதி மறைந்தபடி வலது மேல்புறத்தில் 10 செ.மீ. வட்டம் இன்னொன்று. சுற்றிலும் மூன்று நான்கு இலைகளுக்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பென்சில் கோடு வெளிர் வண்ணத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கும்.

வெளிச்சம் எந்தப் பக்கம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். இடது மேல்புறம் என்று வைத்துக்கொள்வோம். பின்னணியின் மூலையில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். நடுவில் டீ குடித்துவிட்டு வந்தால் மறந்துபோகும்.

முதலில் இலைகள், ஏனென்றால் அவை பூவுக்குப் பின்னால் இருப்பவை. அல்ட்ராமரைன், லெமன் எல்லோ, கொஞ்சம் அம்பர் கலந்த கரும்பச்சையில் இலையின் முழு வடிவத்தையும் நிரப்புங்கள். ஹைட்ரேஞ்சியா இலை பெரியது, முட்டை வடிவம், நுனி கூர்மை, ஓரம் ரம்பப் பல். பற்களை இப்போது போட வேண்டாம்.

அடுத்தது பந்து. அல்ட்ராமரைனில் கொஞ்சம் கிரிம்சன், அதைவிடக் குறைவாக அம்பர். நாவல்பழத் தோல் மாதிரி கருநீலம் வரும். வெள்ளை ஒரு துளிகூடச் சேர்க்காமல் வட்டம் முழுவதையும் இதனால் நிரப்புங்கள். ஓரத்தில் தூரிகையைத் தட்டித் தட்டி எல்லையை மேடு பள்ளமாக்குங்கள். அழகான நீலப் பூ வரைய வந்து கன்னங்கரேலென்று பூசுகிறோமே என்று கை தயங்கும். பூசுங்கள். பிறகு இதழ்களுக்கு நடுவே தெரியப்போகும் குழிகள் எல்லாம் இந்தக் கருநீலம்தான். அவற்றைக் கடைசியில் தனியாக வரைந்து சேர்க்க முயன்றால் ஒட்டவைத்த மாதிரிதான் இருக்கும்.

மூன்று அடுக்கு

இனி இதழ்கள், இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மூன்று அடுக்காக.

முதல் அடுக்குக்கு மூன்று பங்கு அல்ட்ராமரைன், ஒரு பங்கு கிரிம்சன், ஒரு பங்கு ஒயிட். அடியில் உள்ள கருநீலத்தைவிட ஒரு படி மட்டும் வெளிறியிருக்கும். பந்து முழுவதும் பூக்களைப் போடுங்கள், நிழல் பக்கத்திலும். இங்கே துல்லியம் தேவையில்லை, மங்கலாக இருப்பதுதான் சரி. நடுவில் முழுப் பூ, ஓரத்தில் நசுங்கிய பூ, எல்லையைத் தாண்டி வெளியே துருத்தும் ஓரிரண்டு இதழ்கள். பந்தில் மூன்றில் ஒரு பங்காவது கருநீலம் திட்டுத்திட்டாகத் தெரிய வேண்டும்.

காய்ந்ததும் இரண்டாவது அடுக்கு. ஒரு பங்கு அல்ட்ராமரைன், இரண்டு பங்கு ஒயிட், துளி கிரிம்சன். இதை வலது கீழ்ப்புறத்தை விட்டுவிட்டுப் பந்தின் முக்கால் பாகத்தில் போடுங்கள். பழைய பூவின் மேலேயே அச்சாகப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டால் ஒன்றின் பின்னால் ஒன்று என்ற ஆழம் கிடைக்கும். இரண்டு மூன்று பூக்களுக்குக் கிரிம்சனைக் கூட்டி ஊதாவாக்குங்கள். ஒரே கொத்தில் நீலமும் ஊதாவும் கலந்து பூப்பது இந்தச் செடியின் இயல்பு.

அதற்குக் காரணம் மண். மண்ணில் அமிலம் இருந்தால், அதாவது பி.எச். அளவு 5.5க்குக் கீழே இருந்தால், மண்ணில் உள்ள அலுமினியத்தைச் செடியால் உறிஞ்ச முடியும், பூ நீலமாகும். காரம் ஏறினால் அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், பூ இளஞ்சிவப்பாகும். தேயிலைக்கும் அமில மண்தான் பிடிக்கும், அதனால்தான் தேயிலை விளையும் நம் மலைகளில் நீல ஹைட்ரேஞ்சியா அதிகம். இடைப்பட்ட மண்ணில் ஊதா வரும். ஆகவே நீங்கள் கலக்கும் ஊதா எந்த விகிதத்தில் வந்தாலும் அப்படி ஒரு பூ எங்கோ ஒரு மலையில் இருக்கிறது, நிம்மதியாகக் கலக்கலாம்.

மூன்றாவது அடுக்குதான் நான் முதலில் சொன்ன பத்துப் பன்னிரண்டு பூக்கள். ஒயிட் நிறைய, அல்ட்ராமரைன் கொஞ்சம். காகிதத்தில் பழகியது போல ஃபில்பர்ட்டின் ஒரு ஓரத்தில் தூய வெள்ளை எடுத்து, அந்த ஓரம் இதழின் வெளிவிளிம்பில் படும்படி போடுங்கள். இடது மேல்புறத்தில் மட்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வரிசையாக அடுக்காமல், மூன்று சேர்ந்தாற்போல், ஒன்று தனியாக, மறுபடி இரண்டு என்று சிதறவிடுங்கள். ஒவ்வொரு பூவும் வெவ்வேறு கோணத்தில் திரும்பியிருக்கட்டும்.

அக்ரிலிக் காயும்போது நிறம் ஒரு படி கருக்கும். ஈரத்தில் அதன் பிசின் பால் போல வெண்மையாக இருக்கும், காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். அந்த வெண்மை போய்விடுவதுதான் காரணம். ஆகவே வெளிச்ச நிறத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் வெளிறலாகக் கலக்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு தாளில் தொட்டு வைத்து, காய்ந்ததும் பாருங்கள்.

இந்த இடத்தில் கை நிற்காது. நன்றாக வருகிறதே என்று நிழல் பக்கத்திலும் இரண்டு வெளிச்சப் பூ போடத் தோன்றும். போட்டால் பந்து தட்டையாகிவிடும். எழுந்து பத்தடி தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். உருண்டையாகத் தெரிந்தால் தூரிகையைக் கழுவி வையுங்கள். பின்னால் இருக்கும் சின்னப் பந்துக்கு இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள், மூன்றாவது வேண்டாம். அது மங்கலாக இருந்தால்தான் முன்னால் இருப்பது முன்னால் வரும்.

கடைசி வேலைகள்

வெளிச்சப் பூக்களின் நடுவில் வட்டத் தூரிகையால் கருநீலத்தில் சின்னப் பொட்டு. காய்ந்ததும் அதன் மேல், ஒரு பக்கமாக, வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து இன்னும் சின்னப் பொட்டு. மங்கலான பூக்களுக்குப் பொட்டு வைக்கக் கூடாது, வைத்தால் கண் அங்கே ஓடிவிடும். லைனரில் தண்ணீராகக் கரைத்த நீலம் எடுத்து, நான்கைந்து பூக்களின் இதழ்களில் மட்டும் நடுவிலிருந்து மயிரிழை நரம்புகள் இழுக்கலாம்.

நிழல் பக்கம் இன்னும் துண்டு துண்டாகத் தெரிந்தால் கிளேஸ், அதாவது அடிநிறம் தெரியும்படியான மெல்லிய பூச்சு, பூசுங்கள். கிளேஸிங் மீடியத்தில் துளி அல்ட்ராமரைனும் துளி கிரிம்சனும் கலந்து, காய்ந்த பூக்களின் மேல் வலது கீழ்ப்புறத்தில் மெல்லியதாக ஒரு பூச்சு. அடியில் உள்ள இதழ்கள் தெரிந்தபடியே நிழலுக்குள் போய்விடும். வெறும் தண்ணீரில் கரைத்துப் பூசினால் காயும்போது திட்டாக நிற்கும். மீடியம் வாங்குவது இந்த ஒரு வேலைக்காகவே தகும்.

இலைகளுக்கு வருவோம். கரும்பச்சையில் மஞ்சளும் ஒயிட்டும் சேர்த்து வெளிறிய பச்சை செய்து, நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி வளைந்த தீற்றல்களாக இழுங்கள். தீற்றல்களுக்கு இடையே விடும் கருத்த இடைவெளியே பக்க நரம்பு. ஓரத்தில் 4ஆம் எண் தூரிகையின் முனையால் தொட்டுத் தொட்டு ரம்பப் பல் வையுங்கள். பந்துக்கு நேர் கீழே உள்ள இலையில் பூவின் நிழல் விழ வேண்டும். அங்கே வெளிர் பச்சை போடாமல் விட்டாலே போதும். டியூபில் வரும் பச்சையையே வாங்கியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். ஐந்து வண்ணத்தில் பச்சையே சேர்க்காததற்குக் காரணம் இதுதான். கலந்த பச்சையில் பூவின் நீலமும் இருப்பதால் இலையும் பூவும் ஒரே செடியாகத் தெரியும்.

நிழலும் வெளிச்சமும் இல்லாமலும் இந்தப் பூவை அலங்காரமாக வரையலாம். நாம் வரையும் இந்தப் பந்து வகை ஹைட்ரேஞ்சியாவின் சொந்த ஊர் ஜப்பான். அங்கே அஜிசாய் என்பார்கள், ஜூன் மாத மழையோடு சேர்த்தே நினைப்பார்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830-களில் ஹைட்ரேஞ்சியாவையும் தகைவிலான் குருவியையும் வைத்து மரச்செதுக்கு அச்சுப்படம் ஒன்று செய்திருக்கிறார். இணையத்தில் தேடிப் பாருங்கள். கோட்டின் அழகிலேயே கொத்து நிற்கிறது. ஆனால் அதற்குக் கோட்டில் வேண்டிய கை தேர்ச்சி அதிகம். அக்ரிலிக்கில் தொடங்குபவர்களுக்குப் பந்து வழி கருணையானது, தப்பாகப் போன பூவின் மேல் காய்ந்ததும் இன்னொரு பூ போட்டுவிடலாம்.

படம் முடிந்த கையோடு தூரிகைகளைச் சோப்புப் போட்டு, வேர்ப்பகுதியில் வண்ணம் இல்லாதவரை கழுவி, படுக்கவைத்துக் காய விடுங்கள். தண்ணீர் டம்ளரில் தலைகீழாக ஊறப் போட்டால் நுனி வளைந்துவிடும், ஃபில்பர்ட்டுக்கு நுனிதான் எல்லாம். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக், அதனால் கழுவிய தண்ணீரின் அடியில் தங்கும் கசடைச் சாக்கடையில் ஊற்றாமல் பழைய செய்தித்தாளில் வடித்துக் குப்பையில் போடுங்கள்.

படத்தை ஒரு வாரம் தூசு படாத இடத்தில் காய விட்டு, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் இரண்டு கை பூசுங்கள், ஒன்று காய்ந்த பிறகு ஒன்று. மாட்டும்போது முடிந்தால் இடப்பக்கம் ஜன்னல் இருக்கும் சுவரில் மாட்டுங்கள். படத்துக்குள் விழும் வெளிச்சமும் அறைக்குள் விழும் வெளிச்சமும் ஒரே பக்கமிருந்து வரும்.